பெயர் எழுதாத படங்கள்

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். முதிய டார்வின், கவிஞர் டென்னிசன் என்றதும் கண்முன் வரும் முகங்களில் பல இந்தப் பெண்மணி எடுத்த படங்கள். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாய்க்கு இவர் பெரியம்மா முறை.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கமரூனை நம் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் தெரியும். கோல்புறூக் - கமரூன் ஆணைக்குழுவின் கமரூன் அவர்தான். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கிய அவர்கள், இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தங்கள் வீட்டுக்கும் ‘டிம்போலா’ என்றே பெயர் வைத்தார்கள். நம்முடைய திம்புள்ளதான் அது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அம்மாவுக்கு ஒரு படப்பெட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூடு படம் பிடிக்கும் கூடமானது, கரி போட்டு வைத்த அறை இருட்டறையானது. அன்றைய வேலை இலேசானதல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவி எடுக்க வேண்டும். பிறகு அந்தத் தகட்டை முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால்தான் படம் தாளில் இறங்கும். அமர்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையக்கூடாது.

கமரூனின் படங்களில் விளிம்புகள் மங்கலாக இருக்கும், சிலவற்றில் கீறலும் கைரேகையும் தெரியும். தொழில் தெரியாதவர் என்று புகைப்படச் சங்கத்தார் ஏசினார்கள். அவர் மசியவில்லை. ஓவியர் வாட்ஸின் நட்பும் பழைய இத்தாலிய ஓவியங்களும் அவருக்கு வழிகாட்டின. விளிம்புகளை மங்கவிட்டு, முகத்தில் மட்டும் ஒளியை விழச் செய்தார். அந்த மங்கலுக்காகவே இன்று அருங்காட்சியகங்கள் அவர் படங்களைப் பொத்திப் பாதுகாக்கின்றன.

1875இல் கமரூன் தம்பதியர் இலங்கைக்கு வந்தார்கள். பிள்ளைகள் இங்கே தோட்டங்களில் இருந்தார்கள். கோப்பியை இலைநோய் தின்று கொண்டிருந்த காலம். கப்பலில் தங்களுக்கான சவப்பெட்டிகளையும் ஏற்றி வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. களுத்துறையில் குடியிருந்தபோது ஓவியர் மரியான் நோர்த் கமரூனைத் தேடி வந்து தங்கினார். அவரையும் கமரூன் படமெடுத்தார்.

அவர் இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை கொஞ்சமே. அவற்றில் 1878ஆம் ஆண்டுப் படமொன்றில் களுத்துறைக் கிராமத்தவர் மூவர் நிற்கிறார்கள். பெண்ணுக்கு வயது 12, கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்று கமரூன் குறித்து வைத்திருக்கிறார். வயதைக் கேட்டு எழுதியவர் பெயரை எழுதவில்லை. வைட் தீவில் அவர் வீட்டில் வேலை பார்த்து, அவர் படங்களுக்கு அமர்ந்த மேரி ஹில்லியரின் பெயர் உலகத்துக்கே தெரியும். இலங்கையில் அவர் பெட்டியின் முன்னால் நின்றவர்களோ பெரும்பாலும் ‘பெண்’, ‘குடியானவர்’ என்று மட்டுமே பட்டியல்களில் இருக்கிறார்கள். கலை எவ்வளவு பெரிதானாலும் இந்தக் குறையை மறைத்துப் பேச முடியாது.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு இறந்த கணவரும் அதே பொகவந்தலாவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்.

நம் லயத்து டிரங்குப் பெட்டிகளிலும் பெயர் எழுதாத பழைய படங்கள் இன்னும் கிடக்கின்றன. இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்த காலத்துக் குடும்பப் படங்கள், கல்யாணப் படங்கள், கொழுந்துக் கூடையோடு நிற்கும் அப்பாயிகள், அம்மாயிகள். இந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரையும் தோட்டத்தையும் டிவிஷனையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.