காயிதே மில்லத் கேட்ட ஒரு வரி

ஆம்பூரில் ஒரு டேனரியில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். முதலாளியின் மேசைக்கு மேலே சுவரில் ஒரே ஒரு படம்தான் இருக்கும். வெள்ளைத் தாடி, உயரமான தொப்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட ஷெர்வானி. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே யார் என்று கேட்டுவிட்டேன். “காயிதே மில்லத். நம்மளை மாதிரி தோல் வியாபாரத்துல இருந்தவர்தான், கணக்குப்பிள்ளை” என்றார் பாய்.

நான் இந்து. முஸ்லிம் லீக் கூட்டம் எதற்கும் போனதில்லை. ஆனால் பொது சிவில் சட்டம் என்று தொலைக்காட்சியில் சத்தம் எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. முஸ்லிம் லீக்கை வழிநடத்திய காயிதே மில்லத், அதாவது முகம்மது இஸ்மாயில் சாகிப், பழமையை மதித்த மனிதர். மார்க்கத்தில் பிடிப்பு, பேச்சில் நிதானம், வாழ்க்கையில் எளிமை. மாநிலங்களவையில் இருந்தார், பிறகு மஞ்சேரித் தொகுதி அவரை மூன்று முறை மக்களவைக்கு அனுப்பியது. அதற்கெல்லாம் முன்னால், அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23 அன்று அவர் கேட்டது ஒரு வரி. பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவோடு ஒரு நிபந்தனையைச் சேருங்கள் என்றார்: தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கும் எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

‘எந்தச் சமூகத்தையும்’ என்பதைக் கவனியுங்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் எழுதவில்லை. சபை உறுப்பினர்களான முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினார்கள். திருத்தம் தோற்றது. அந்தப் பிரிவுதான் இன்றைய 44-ஆவது பிரிவு.

ஆனால் அவர் கேட்டதை இந்த நாடு பிறகு கொடுத்தது, வேறு ஆட்களுக்கு. 1962-இல் நாகாலாந்துக்காக அரசமைப்பில் 371ஏ பிரிவு சேர்ந்தது. நாகர்களின் மதம், சமூக வழக்கம், மரபுச் சட்டம் இவற்றில் நாடாளுமன்றம் போடும் சட்டம், அந்த மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அங்கே செல்லும். மிசோரமுக்கும் பின்னால் இதே ஏற்பாடு வந்தது. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. விலக்குக் கொடுத்தது சரிதான் என்பேன். மலைவாழ் மக்களின் வழக்கத்தை மதிக்கத் தெரிந்த அரசுக்கு, எங்கள் பாலாற்றங்கரையில் இருப்பவனின் வழக்கத்தை மதிக்க ஏன் மனம் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

கணக்கு எழுதியவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் டேனரிக்குச் சுண்ணாம்பும் ரசாயனமும் கொடுத்த இந்து வியாபாரிகள் சிலருக்கு மாலை நேரத்தில் வரிக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கு இரண்டு பான் கார்டு: ஒன்று அவர் பெயரில், இன்னொன்று ‘இந்துக் கூட்டுக் குடும்பம்’ என்ற பெயரில். குடும்பத்தையே தனி ஆளாக வைத்து வரி போடும் இந்த ஏற்பாடு இந்துத் தனிச் சட்டத்திலிருந்து வந்தது. இதில் வரி மிச்சம் உண்டு. பாய்க்கு அந்த வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், இந்தக் கூட்டுக் குடும்பக் கணக்கை எடுத்துவிடலாமா என்று எங்கள் கடைத்தெருவில் ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும்.

இஸ்மாயில் சாகிப் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. 1949 மே மாதம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கேட்டார், அதாவது முஸ்லிம் பிரதிநிதிகளை முஸ்லிம்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை. பிரிவினை ரத்தம் காயாத நேரம். பட்டேல் கடுமையாக மறுத்தார், மறுத்தது நியாயம். இன்று எங்கள் வேலூர் தொகுதியில் எல்லோரும் எல்லோருக்கும் ஓட்டுப் போடுகிறோம். இங்கே அதுதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

தனிச் சட்டத்தில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் புர்கா போட்டவரும் பூ வைத்தவரும் ஒரே இருக்கையில் வருவார்கள். அப்படி ஒரு பெண், பி.எஃப். வாரிசுதாரர் பெயரை மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்தாள். கணவன் போனிலேயே தலாக் சொல்லிவிட்டான். பஞ்சாயத்து மாதக்கணக்கில் இழுத்தது. ஜமாத்துப் பெரியவர்கள் கூடிய அறைக்குள் அவளைக் கூப்பிடவே இல்லை. அவளுக்காக அண்ணன் பேசினான். “என் வாழ்க்கைங்க சார், நான் வெளியில உக்காந்திருந்தேன்” என்றாள். 2017-இல் உச்ச நீதிமன்றம் முத்தலாக் செல்லாது என்று சொன்னபோது நான் மகிழ்ந்ததற்குக் காரணம் அவள்தான். அடுத்த மாற்றமும் அந்த அறைக்குள்ளிருந்து வர வேண்டும், அவளை உள்ளே உட்கார வைத்து. பெரியவர்கள் இதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட, டெல்லிக்காரர்களுக்குக் கதவைத் திறந்து விடுகிறார்கள்.

ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியதும் பெண்ணுக்கு நீதி கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். இந்துவுக்கு ஒரே மனைவிதான் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு தொழிலாளி இறந்தால் இரண்டு வீட்டிலிருந்தும் பி.எஃப். பணம் கேட்டு வந்து நிற்பதை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். அவர்களில் இந்துப் பெண்களும் உண்டு.

மொழி விஷயத்திலும் அவர் இதே மனிதர்தான். 1949 செப்டம்பரில் ஆட்சி மொழி விவாதம் நடந்தபோது, பழமைதான் தகுதி என்றால் தமிழுக்கு அந்தத் தகுதி உண்டு என்று சபையில் எழுந்து வாதாடினார். வீட்டுச் சட்டமானாலும் வீட்டு மொழியானாலும் மேலிருந்து திணிக்காதே என்றார். அவர் நாட்டுப்பற்றைச் சந்தேகித்தவர்களுக்கு 1962 சீனப் போர் பதில் சொன்னது. தன் ஒரே மகனை ராணுவத்துக்குத் தரத் தயார் என்று நேருவுக்கு எழுதினார்.

1948-இல் பொது சிவில் சட்டப் பிரிவு பற்றிய விவாதத்தை முடித்து வைத்துப் பேசிய அம்பேத்கர், முஸ்லிம் உறுப்பினர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்றார். வருங்கால நாடாளுமன்றம், இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட விரும்புவதாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் அதைப் பொருத்தித் தொடங்கலாம் என்று வழியும் சொன்னார். இஸ்மாயில் சாகிபின் திருத்தத்தை ஏற்காதவரே காட்டிய வழி அது.

வேலூர் தொகுதியின் மக்களவை உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவருக்கு என் வேண்டுகோள் இது. பொது சிவில் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும் நாளில், 1948 நவம்பர் 23-ஆம் தேதி விவாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். அம்பேத்கர் சொன்னதையே திருத்தமாகக் கொடுங்கள்: விரும்பி எழுதிக் கொடுப்பவருக்கு மட்டுமே அந்தச் சட்டம்.