எல்லாம் ஒண்ணுதான் சார்

காட்டர் பின் ஒன்றுக்காக மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. சுண்டுவிரல் நீளம்கூட இராத இரும்புத் துண்டு. பெடல் தண்டான கிராங்கை பி.பி. (பாட்டம் பிராக்கெட்) அச்சோடு பிணைத்து நிறுத்துவது அதுதான். தஞ்சாவூரில் நான் ஏறி இறங்காத சைக்கிள் கடை இல்லை. பின் கிடைக்காமல் இல்லை. எந்தக் கடையில் கேட்டாலும் டப்பாவைக் கவிழ்த்து ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிறார்கள். மாட்டி மிதித்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பின்னின் சாய்ந்த முகம் நசுங்கி, சுற்றுக்கு ஒரு தடவை பெடல் ‘டக்’கென்று விழுகிறது. வெறும் பச்சை இரும்பு. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வண்டி அப்பாவுடையது. ராலே. நாட்டிங்காமில் செய்து கப்பலில் வந்த 28 அங்குலச் சக்கர வண்டி. முன்கழுத்தில் நாரைத் தலை பொறித்த தகடு இன்னும் அப்படியே இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா ஓய்வு பெறும்வரை அதில்தான் போய் வந்தார். குரங்கு பெடல் போட்டு நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். முன்சக்கர அச்சில் நகராட்சி வரி கட்டியதற்கான தகர வில்லை ஒன்று துருவேறித் தொங்குகிறது; அதை நான் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். அப்பா போன பிறகு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி இருபது வருஷம் நின்றது. போன பொங்கலுக்கு எடுத்து வந்தேன். புதுசு போல ஆக்கிப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதல்ல என் ஆசை. அதில் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும். அவ்வளவுதான்.

எது கிடைக்கும் என்று கேட்டால், டயருக்குக் குறையே இல்லை. 28-க்கு ஒன்றரை டயர் இந்த நாட்டில் இன்னும் கிராமத்துக் கடைவரை தொங்குகிறது. டியூப், வால்டியூப், போக்ஸ் கம்பி, பிரேக் கட்டை எல்லாம் கேட்ட இடத்தில் கிடைக்கும். ரிம்மும் கிடைக்கிறது, முன்சக்கரத்துக்கு 32 துளை, பின்சக்கரத்துக்கு 40 துளை என்று பழைய கணக்குப்படியே. ஆனால் அந்த ரிம்மின் முலாமைப் பாருங்கள். அந்தக் காலத்து முலாம் செம்பு, நிக்கல், அதற்கு மேல் குரோமியம் என்று அடுக்கடுக்காக ஏறியது. கொட்டகையில் இருபது வருஷம் கிடந்த ரிம்மை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் முக்கால்வாசி இடம் பளபளக்கிறது. புதிதாக வாங்கிய ரிம் ஒரு ஐப்பசி மழை தாங்கவில்லை. போக்ஸ் நிப்பிளைச் சுற்றி மஞ்சளாகக் கசிந்து நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒரே ஒரு வாக்கியம்தான். “எல்லாம் ஒண்ணுதான் சார்.” எந்தக் கடைக்குப் போனாலும் இதே பேச்சு. ஒன்று இல்லை ஐயா! ராலேக்காரன் தன் வண்டிக்கென்று தனி மரை வைத்திருந்தான். மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் பி.பி. கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலேயில் 26. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையால் திருகினால் இரண்டு சுற்று அழகாக ஏறும், மூன்றாவது சுற்றில் நிற்கும். அங்கேயே நிறுத்தி, ‘ஏன் நிற்கிறது’ என்று யோசிப்பவன் மெக்கானிக். கப்பு மாற்ற நான் வண்டியை விட்ட கடையில் அப்படி யாரும் யோசிக்கவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, ஏறி மிதித்துத் திருகிவிட்டார்கள். நான் டீ குடிக்கப் போயிருந்த பத்து நிமிஷம். திரும்பி வந்து பார்த்தபோது தரையில் மினுமினுவென்று இரும்புச் சுருள் விழுந்து கிடந்தது. அப்பா அத்தனை வருஷம் மிதித்தும் தேயாத மரை. “டைட்டா இருந்துச்சு சார், இப்ப உட்கார்ந்திடுச்சு” என்றான் கடைப் பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை பாய் இருந்தார். காட்டர் பின் போடுவதென்றால் சாக்கை விரித்து உட்காருவார். பின்னைக் கிராங்கில் செருகி லேசாகத் தட்டி வெளியே எடுப்பார். முகத்தில் எந்த இடம் உரசிப் பளபளத்திருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு ராவுவார். மறுபடி செருகுவார், மறுபடி எடுப்பார். ஒரு பின் கீழிருந்து மேலே ஏறினால் மற்றது மேலிருந்து கீழே இறங்க வேண்டும். மாறிப்போனால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. இது அவருக்குப் பாடம் இல்லை, கைப்பழக்கம். ஓவராயிலிங் என்றால் வண்டியை முழுக்கப் பிரித்து, பால்ஸை எண்ணி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு, கோட்டம் எடுத்து, சாயந்திரம் திருப்பிக் கொடுப்பார். அவரிடம் பிஸ்கட் டின்கள் நான்கைந்து இருந்தன. ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று பிரித்துப் போட்ட கோன், கப்பு, பின், நட்டு. அவர் மகனைத் தேடிப் போய்க் கேட்டேன். கடையைக் காலி செய்தபோது காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

எடைக்குப் போடாதவை எங்கே போயின என்பதையும் பார்த்துவிட்டேன். குடும்பத்தோடு ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். சுவரில், தலைக்கு மேல், ஒரு முழு ராலே. செயின் வீலில் நாரைகள் வரிசையாக நிற்கின்றன. நான் ஆறு மாதமாகத் தேடும் முழு செயின் பெட்டி, எண்ணெய் விடும் மூடியோடு, ஒரு நெளிசல் இல்லாமல் இருக்கிறது. அத்தனையின் மேலும் மஞ்சள் பெயிண்ட். நகராமல் இருப்பதற்காகக் கிராங்கை ஃபிரேமோடு வெல்டு வைத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டேன். செயின் பெட்டிக்குப் பதில் புதுசாக ஒன்று வாங்கி, அதே மஞ்சளை அடித்து நானே மாட்டித் தருகிறேன் என்றேன். டிசைன் கெட்டுவிடும் என்றார். அன்றைக்கு இலையில் வைத்தது எனக்கு இறங்கவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு முறை போனேன். ஒரு பெல், ஒரு டைனமோ விளக்கு. கப்பு கிடைக்கவில்லை.

கடைசியில் போன வாரம், திருச்சி அரியமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறை. வேட்டித் துண்டில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்த அப்பா வண்டியின் பழைய கப்பை எடுத்து நீட்டினேன். எழுபது வயதிருக்கும் பட்டறைக்காரருக்கு. ஒன்றும் கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து மரை கேஜை எடுத்து, ஒவ்வோர் இதழாக விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வைத்துப் பார்த்தார். “24 இல்ல தம்பி. 26” என்றார். நான் சொல்லவேயில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஃபிரேம் மரையைச் சுத்தம் செய்து தருகிறேன், புதுக் கப்பும் கடைந்து தருகிறேன் என்றார். ஆனால் பால்ஸ் ஓடும் இடத்தை ஹார்டனிங் செய்யாவிட்டால் இரண்டே மாதத்தில் குழி விழுந்துவிடும். அதை வேறு பட்டறையில்தான் செய்ய வேண்டும். அங்கேயும் அன்றைக்கே போய்க் கேட்டேன். 50 உருப்படிக்குக் குறைந்து உலையில் வைப்பதில்லையாம்.

என்னிடம் இருப்பது ஒரு வண்டி. மீதி 49-க்கு நான் எங்கே போவேன்?