படத்தின் மேல் பெயர் எழுதும் பிள்ளைகளுக்கு



போட்டோவின் மேல் பெயர் எழுதி அனுப்புகிறவர்கள் நம் வட்டத்தில் பெருகிவிட்டார்கள். மறைமலை நகர்ப் பக்கம் கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகள் இயந்திரத்தைப் படமெடுத்து, இது வால்வு, இது மின் பெட்டி என்று குறித்துக் கையேடு தயாரிக்கிறார்கள். மாமல்லபுரத்தில் வழிகாட்டிகளாக இருப்பவர்கள் சிற்பங்களுக்குப் பெயர் குறிக்கிறார்கள். பிழை திருத்த என்னிடம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். ஆனால் பாதிப் பேர் எழுத்தை வெறும் படத்தின் மேலேயே போடுகிறீர்கள், படிக்க முடியவில்லை. மீதிப் பேர் கெட்டியான வெள்ளைப் பெட்டி ஒட்டி அதில் எழுதுகிறீர்கள், படம் காணாமல் போகிறது. எழுத்துக்குப் பின்னால் அரைகுறையாக ஊடுருவித் தெரியும் பெட்டி வையுங்கள் என்பது என் கட்சி.

"பாகங்களைக் குறி என்றால் பெயரைப் படத்துக்கு வெளியே, வலப்பக்கம் எழுதச் சொன்னவர் நீங்கள்தானே?" என்று கேட்பீர்கள். நான்தான். அது வெள்ளைத் தாளில் பென்சில் படம். இன்று கையேட்டைப் போனில் பார்க்கிறார்கள். வெளியே இடம் ஒதுக்கினால் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும்.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் கறுப்புமில்லை, வெளுப்புமில்லை. உருவங்களை நமக்குக் காட்டுவது வெயிலும் நிழலும்தான். கறுப்பு எழுத்து நிழலில் கலந்துவிடும், வெள்ளை எழுத்து வெயில் பட்ட இடத்தில் கரைந்துவிடும். சரி, பெட்டி ஒட்டலாம் என்றால் எங்கே ஒட்டுவது? பலருக்கும் நடுவிலுள்ள பிளவுதான் காலி இடமாகத் தெரிகிறது. அந்தப் பிளவில்தான் நாகர்கள் இருக்கிறார்கள். இது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய கதையா என்ற வாதத்தில் கங்கைக் கட்சிக்கு முக்கியமான சாட்சி அதுதான். அங்கே கெட்டிப் பெட்டி வைத்து 'அர்ச்சுனன் தபசு' என்று எழுதுவது, சாட்சியை அறைக்குள் பூட்டிவிட்டுத் தீர்ப்பு வாசிப்பது போல. யானைக்குப் பக்கத்தில் தவம் செய்யும் பூனை இன்னும் பாவம். அது சின்ன உருவம், ஒரு பெயர்ப் பெட்டியிலேயே எலிகளோடு சேர்ந்து மறைந்துவிடும்.

அதே ஊரில் ஆதிவராகர் குகைக்குப் போனால், பல்லவர் காலத்தில் எப்படிப் பெயர் எழுதினார்கள் என்று பார்க்கலாம். அமர்ந்திருக்கும் அரசர் ஒருவர், நிற்கும் அரசர் ஒருவர், இருவருடனும் அரசியர். அவரவர் சிற்பத்துக்கு மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று கிரந்த எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஒரு விரல்கூட மறையவில்லை. (எந்த மகேந்திரன், எந்தச் சிம்மவிஷ்ணு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பெயரோடு இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்!) அவர்களுக்கு மேலே பாறை இருந்தது. உங்கள் போன் திரையில் இல்லை.

எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டால் போதாதா என்றான் அண்ணன் மகன். ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டுப் போகும். மெய்யெழுத்தின் புள்ளி, கல்லின் புள்ளியோடு கலந்துவிடும். 'மின்' என்பதற்கும் 'மீன்' என்பதற்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. நம் கடற்கரையில் மீன் பெட்டி என்று படித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இயந்திரத்தின் முன்னால், எது திறக்கும் வால்வு, எது மூடும் வால்வு என்று எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அது சிரிப்பில்லை. இரவு ஷிப்டில் மங்கலான வெளிச்சத்தில் அந்தக் கையேட்டைத் திறக்கப்போகிறவர் என்னைவிடக் கண் நன்றாகத் தெரிகிறவர் என்று என்ன நிச்சயம்?

செய்வது சுலபம். வேர்டிலோ பவர்பாயிண்டிலோ எழுத்துப் பெட்டியை வைத்து, அதன் நிரப்பு நிறத்தை வெள்ளையாக்கி, டிரான்ஸ்பரன்சி என்ற இடத்தில் 30 சதவீதம் வையுங்கள். லிப்ரே ஆபீசிலும் அப்படித்தான். ஜிம்ப்பில் செய்கிறவர்கள் கவனியுங்கள், அங்கே இருப்பது ஒபாசிட்டி, கணக்குத் தலைகீழ். 70 என்று வைக்க வேண்டும். பெட்டியை மட்டும் மங்கலாக்குங்கள், எழுத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடாதீர்கள்.

கறுப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்து அழகாக இருக்கிறது என்கிறீர்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில், சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பாதி ஊடுருவும் கறுப்புப் பெட்டியை வெள்ளைச் சுவரின் மேல் வைத்துக் கணக்குப் போட்டேன், 4தான் வந்தது. பாதி ஊடுருவும் வெள்ளைப் பெட்டியைக் கன்னங்கரிய இடத்தில் வைத்தாலும் கறுப்பு எழுத்துக்கு 5க்கு மேல் வருகிறது. 30 சதவீதத்தில் 10 வரை போகிறது. அழகு உங்கள் இஷ்டம், கையேட்டில் வெள்ளைப் பெட்டிதான் என் சிபாரிசு.

பெயர் போடாத மூலப்படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வால்வு மாறினால் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடுகிறது. ஒரு பக்கத்தைக் கறுப்பு-வெள்ளையில் செராக்ஸ் எடுத்து, வீட்டில் கண்ணாடி போடுகிற யாரிடமாவது கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்துவிட்டால் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.