அந்த 75 கிராம் குளுக்கோஸ்!
வீட்டில் அக்காவோ அண்ணியோ மாசமா இருக்காங்களா? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு ஏறும் சர்க்கரை குழந்தைக்கும் போகும். குட்டிப் பாப்பாவின் கணையம் ஓவர்டைம் பார்த்து இன்சுலின் சுரக்க, பாப்பா அளவுக்கு மீறி வளரும். பிரசவம் சிக்கலாகும். பிறந்ததும் பாப்பாவுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து வேறு!

வெறும் வயிற்றோடு டெஸ்ட்டுக்கு வரச் சொன்னால், தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணி என்ன செய்வார்? சென்னை டாக்டர் வி.சேஷையா பிடித்தது இந்த பாயின்ட்டைத்தான். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கணும். 2 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் உஷார்! சிம்பிளா இல்ல?

அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக்கியிருக்கிறார்கள். அதுவரை காத்திருக்காம, அண்ணிகிட்ட இன்னிக்கே கேளுங்க... டெஸ்ட் எடுத்தாச்சா?