பூட்டிய நிலையங்களைத் திறப்போம், தோழர்களே!

யாழ்ப்பாணத்தில் குறிச்சிக்குக் குறிச்சி ஒரு சனசமூக நிலையம் நிற்கிறது. பலவற்றில் பூட்டும் தொங்குகிறது. காலையில் முன்பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பினால், மறுநாள் காலைவரை அந்தப் பக்கம் ஆளரவம் இல்லை. மாலையில் எங்கள் பெடியள் சந்தியில் நிற்கிறார்கள். ஐஸ் போதைப்பொருள் விற்பவன் அவர்களைத் தேடிச் சந்திக்கே வருகிறான். நுண்கடன்காரன் எங்கள் பெண்களைத் தேடிப் படலைக்கே வருகிறான். ஊரைப் பிரித்துத் தின்பவர்கள் நாள் தவறாமல் வருகிறார்கள். ஊரைக் கூட்டிவைக்க வேண்டிய நாங்கள்தான் வரவில்லை.

சனசமூக நிலையம் என்றால் நாலு சுவரும் ஒரு பெயர்ப்பலகையும் அல்ல. பத்திரிகை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, வாங்கிலே இருந்து உதயனையும் வீரகேசரியையும் விரித்துப் படிக்கும் இடம் அது. பின்னேரம் கரப்பந்தாட்டம், இரவு பரீட்சைப் பிள்ளைகளுக்கு வெளிச்சம், சாவீட்டுக்குக் கதிரையும் தறப்பாளும், ஒழுங்கை திருத்தச் சிரமதானம் என்று எல்லாம் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும்.

2024 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். எந்த ஒழுங்கையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் எழும்பி நடக்க ஏலாத ஆச்சி இருக்கிறா, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பதெல்லாம் கொழும்புக்குத் தெரியாது. அயலுக்குத் தெரியும். அந்த விபரம் நிலையத்தின் கொப்பியில் முன்கூட்டியே எழுதியிருந்தால் அரை மணித்தியாலத்தில் ஆள் போய்ச் சேரும். எழுதாவிட்டால் அடுத்த மழைக்கும் ஆளையாள் தேடித்தான் ஓட வேண்டும்.

கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் உறவுகள் காசு அனுப்பிப் பல ஊர்களில் புது மண்டபம் எழுந்திருக்கிறது. அவர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கவும், ஒன்பது மணிவரை இருந்து பூட்டவும் கனடாவிலிருந்து யாரும் வர முடியாது. அது இங்கே இருப்பவர்களின் வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், இரண்டு நிலையங்கள் ஏன் நிற்கின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்: சாதிதான் காரணம். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் பொலிசின் அடியை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம்வரை ஊர்வலம் போனவர்கள், தீண்டாமை ஒழிய வேண்டும் என்றுதான் நடந்தார்கள். தேநீர்க்கடையும் கோயிலும் திறந்தது அந்தப் போராட்டங்களால். வாசிகசாலை வாங்கில் யார் இருப்பது, நிர்வாகசபையில் யார் வருவது என்பதைச் சாதி தீர்மானிக்கும்வரை அந்த ஊர்வலம் முடியவில்லை. முதலில் இரண்டு நிலையமும் சேர்ந்து ஒரு சிரமதானம் வையுங்கள். பிறகு ஒரே பந்தடி அணி. பிறகு ஒரே நிர்வாகம்.

தோழர்களே, இதற்கு இப்போதே இறங்க வேண்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல்வரை இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு தெருவிளக்கைப் பற்றிக் கேட்கக்கூட எங்களுக்கு உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாக வீட்டில் போய்க் கெஞ்சுவது வேண்டாம். நிலையத்துக்கு அழையுங்கள். பாதீட்டில் எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு, வாய்க்கால் எப்போது துப்புரவாகும் என்று ஊர் முன்னால் பதில் சொல்லட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். திறப்பு யாருடைய வீட்டில் இருக்கிறதோ அங்கே போய்க் கேளுங்கள். இந்த மாதமே பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். கணக்கைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நிர்வாகசபையில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும், முப்பது வயதுக்குக் குறைந்தவர்களும் வேண்டும். கடனில் தவிக்கும் பெண்கள் கூடிப் பேச வாரத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து கூட்டுறவுச் சிறுசேமிப்பைத் தொடங்கலாம். பிரதேச சபையில் பதிவு காலாவதியானால் புதுப்பியுங்கள். ஒவ்வொரு பின்னேரமும் கதவு திறக்க முறை போட்டுப் பெயர் எழுதுங்கள். முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள்.

யாரும் வந்து எங்கள் ஊரைத் தூக்கி நிறுத்தப் போவதில்லை. வாருங்கள் தோழர்களே, நாங்களே நிறுத்துவோம்!