கதிர் உணர்திறன் பரிசோதனைக்கு உதவி நிதியா? எங்கள் நிலைப்பாடு

மோதி பாக், புது தில்லி

கதிர் சிகிச்சைக்கு முன் தனியார் ஆய்வகங்கள் எடுக்கச் சொல்லும் கதிர் உணர்திறன் மரபணுப் பரிசோதனைக்கு நம் உதவி நிதியிலிருந்து பணம் தரலாமா என்ற வாக்குவாதம் உறுப்பினர்கள் அறிந்ததே. செயற்குழுவின் முடிவு: இப்போதைக்கு, பொதுவாக, தருவதற்கில்லை.

ஆய்வுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஒரே அளவு கதிரை எல்லா உடம்பும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. ஏடிஎம் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவே பேராபத்து. பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்கள், ரத்த லிம்போசைட்டுகள் கதிர்பட்டு எவ்வளவு மடிகின்றன என்று பார்த்தார்கள். லிம்போசைட்டுகள் அதிகம் மடிந்த மார்பகப் புற்றுநோயாளிகளுக்குப் பின்னாளில் திசு இறுக்கம் குறைவாகவே வந்தது. மணிப்பாலிலும் இத்துறையில் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் இவற்றில் எதுவும் எல்லா நோயாளிக்கும் கதிரின் அளவை மாற்றி எழுதும் வழக்கமான பரிசோதனையாக இன்னும் ஆகவில்லை.

எங்களைக் கொதிக்க வைப்பது வேறு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 35 தவணை, 70 கிரே, ஏழு வாரம். மூன்றாம் வாரத்தில் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்காது. அந்த நேரம் பார்த்து, சிவப்புக் கட்டத்துக்குள் 'அதிக உணர்திறன்' என்று அச்சடித்த தாளை ஆய்வகத்தார் ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தார்கள். விளக்கிச் சொல்ல ஆளில்லை. குடும்பத்தினர் பயந்துபோய் 'கரண்ட்' வைப்பதை, அதாவது கதிர் சிகிச்சையை, பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். இடைவெளி விட்டால் கட்டி மறுபடி பெருகும். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைவதாகப் பல பழைய ஆய்வுகள் சொல்கின்றன. இது ஆய்வகத்துக்குத் தெரியாதா? தெரிந்தேதான் விற்கிறார்களா? பணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் போனது எப்படி?

ஆகவே:

1. நிதி முதலில் தங்குமிடம், உணவு, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கே. ஏழு வாரமும் தவணை தவறக்கூடாது.

2. குடும்ப வரலாறு போன்ற காரணம் காட்டிச் சிகிச்சை தரும் மருத்துவரே எழுதித் தந்தால், தனியாகப் பரிசீலிக்கப்படும்.

3. நெறிமுறைக் குழு ஒப்புதலுடன் இலவசமாக நடக்கும் ஆய்வுகளில் சேர்வது நோயாளியின் விருப்பம்.

4. ஆய்வகத் துண்டறிக்கைகளுக்கு நம் அறைகளில் இடமில்லை.

இரண்டாம் அம்சம் போதாது என்று சில உறுப்பினர்கள் கருதுகிறார்கள். அவர்கள் கருத்தும் பதிவாகியிருக்கிறது. நான்காம் அம்சத்தில் மாற்றுக் கருத்து இல்லை.

— செயற்குழு