எங்கள் கடவுச்சொல் போனில் இருக்கக் கூடாது
மொபைல் செயலி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

வங்கிக் கணக்கு, மின்கட்டணம், மருத்துவ அறிக்கை எல்லாம் செயலிக்குள் வந்துவிட்டன. அதே போன்தான் சர்வீஸ் கடைக்குப் போகிறது, கைமாற்றி விற்கப்படுகிறது, பேருந்தில் தொலைகிறது. அப்போதும் எங்கள் கணக்கு எங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

2014 ஜனவரியில், ஸ்டார்பக்ஸின் ஐபோன் செயலி கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமலே போனில் வைத்திருந்தது அம்பலமானது. செயலி ஏன் முடங்கியது என்று அறிய எழுதப்படும் பதிவுக் கோப்பில் அது கிடந்தது. 2019-இல் ஃபேஸ்புக், கோடிக்கணக்கான கடவுச்சொற்களைத் தன் உள் சர்வர்களில் அப்படியே வைத்திருந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக 2024-இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. பணமோ ஆளோ இல்லாமல் நடந்த தவறுகள் அல்ல இவை. அக்கறை இல்லாமல் நடந்தவை.

எனவே கோருகிறோம்.

கடவுச்சொல்லைப் போனில் சேமிக்கவே கூடாது. உள்நுழைந்தபின் சர்வர் தரும், சீக்கிரம் காலாவதியாகும் டோக்கன் போதும். அதையும் ஆண்ட்ராய்டின் ஷேர்டு பிரிஃபரன்சஸ் கோப்பில் அப்படியே போடாதீர்கள். ரூட் செய்த, அதாவது எல்லா அனுமதியும் திறந்துவிடப்பட்ட போனில் அதை யாரும் படிக்கலாம். டோக்கனை மறையாக்கம் செய்து, அதற்கான சாவியை ஆண்ட்ராய்டின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் வையுங்கள். ஐபோனில் அதே வேலைக்குக் கீசெயின் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கீஸ்டோர் 2013-இலேயே வந்துவிட்டது, தனிச் செலவும் இல்லை. நேரமில்லை என்ற பதிலை ஏற்க மாட்டோம். சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதையும் ஏற்க மாட்டோம். செயலியின் ஏபிகே கோப்பைப் பிரித்தால் அது வெளியே வந்துவிடும்; பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடும் வேலை அது.

பதிவுக் கோப்பிலோ கிளவுட் பேக்கப்பிலோ உள்நுழைவு விவரம் சேரக் கூடாது.

சர்வரில் ஆர்கான்2 போன்ற முறையில் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி மட்டுமே கடவுச்சொல்லை வைக்க வேண்டும். மறந்துவிட்டது என்றால் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் சேவை, அதைத் திரும்பப் படிக்கும் வடிவில் வைத்திருக்கிறது என்றே பொருள். அத்தகைய செயலிகள் திருத்தப்படும்வரை நிறுத்தப்பட வேண்டும்.

போன் தொலைந்தவர், வேறொரு போனிலிருந்து எல்லாச் சாதனங்களின் உள்நுழைவையும் உடனே ரத்து செய்ய வழி வேண்டும். கடவுச்சொல்லே தேவைப்படாத பாஸ்கீ வசதியையும் தாருங்கள்.

அரசிடம் ஒரு கோரிக்கை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர அச்சட்டத்தில் வழியில்லை. சட்டத்தைத் திருத்தி அந்த வழியைச் சேருங்கள்.